சமயபுரத்துக்குப் போன முகம்

போன வாரம் நித்யா போன் செய்தாள். ஸ்ரீரங்கத்தில் நான் வேலை பார்த்த பட்டறையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். சுவரில் மாட்டுகிற அலங்கார முகமூடிகள் செய்யும் பட்டறை. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், ஏதாவது சந்தேகம் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவாள். வார்னிஷ் ஏன் பிசுபிசுக்கிறது, அடுப்பில் வைத்த மூக்கு ஏன் விரிசல் விட்டது, இந்த மாதிரி. இந்த முறை கேட்டது வேறு.

"பாய், ஒரு ஆர்டர் வந்திருக்கு. ஒரு அம்மா போட்டோ அனுப்பியிருக்காங்க. அவங்க மூஞ்சி மாதிரியே ஒரு முகம் செஞ்சு சமயபுரத்துல காணிக்கை வைக்கணுமாம். நம்ம பட்டறையில முன்னாடி இப்படி ஒண்ணு செஞ்சு குடுத்தாங்கன்னு கேள்விப்பட்டு வந்திருக்காங்க. நீங்கதானே பாய் அது? போட்டோவை 3டி பிரிண்டர்ல போட்டா சீக்கிரம் எடுத்துடலாம். கலர் மட்டும் எப்படி விட்டீங்கன்னு சொல்லுங்க."

"நான்தான். நீ செய்யாதே."

"ஏன் பாய்?"

போனில் சொல்ல வாய் வரவில்லை. கோபமாக ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எனக்கு முன்கோபம் உண்டு, அது அவளுக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு அவள் என்ன முடிவு செய்தாலும் அது அவள் பாடு.

நான் திருச்சி பாலக்கரைக்காரன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பிளாஸ்டர் பொம்மைக்குச் சாயம் பூசுகிற இடத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். இருமல்தான் மிச்சம். பிறகு சௌந்தரராஜன் சார் ஸ்ரீரங்கத்தில் பட்டறை வைத்தபோது அங்கே போய்ச் சேர்ந்தேன். வேலை கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கெடுத்தேன், திட்டு வாங்காமல் தலைகுனிந்தேன், திரும்பச் செய்தேன். என் அம்மாவுக்கு மட்டும் இந்த வேலை கடைசி வரை பிடிக்கவில்லை. "உருவம் செய்யறவனை மறுமையில நிறுத்தி, செஞ்சதுக்கெல்லாம் உசுரு குடுடான்னு கேப்பாங்கடா ஜமாலு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "நான் செய்யற திருஷ்டி பொம்மைக்கெல்லாம் உசுரு வந்தா திருச்சியே காலியாயிடும்மா" என்பேன். சிரிக்காமல் எழுந்து போய்விடுவார்.

நாங்கள் வேலை செய்தது பாலிமர் க்ளேயில். பேர்தான் களிமண். மண்ணும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. பிளாஸ்டிக் சேர்ந்த ஒரு மாவு. பாக்கெட்டைப் பிரித்தால் கட்டியாக இருக்கும். உள்ளங்கைச் சூட்டில் பிசையப் பிசையத்தான் வழிக்கு வரும். பிசைவதில் சோம்பல் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, அடுப்பிலிருந்து எடுத்த பிறகு பொருக்குப் பொருக்காக உதிரும். அலுமினியத் தாளைக் கசக்கி முகத்தின் மேடு பள்ளத்துக்கு ஒரு கூடு கட்டுவோம். க்ளேயை உருளை மிஷினில் விட்டு அப்பளம் போலத் தட்டையாக்கி, கூட்டின் மேல் காற்றுப் புகாமல் படுக்க வைப்போம். எங்காவது குமிழ் தெரிந்தால் ஊசியால் ஒரு குத்து. மூக்கு, உதடு, புருவ மேடு எல்லாம் அதற்கு மேல் தனித்தனியாக வைத்து, ஒட்டுத் தெரியாமல் இழைக்க வேண்டும். கைரேகை பதிந்தால் ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் நீவினால் போய்விடும். பிறகு பேக்கரியில் கழித்துப்போட்ட பழைய அடுப்பில் இளஞ்சூட்டில் சுடுவோம். சூடு கூடினால் மாநிறம் கரிந்துபோகும், பட்டறை முழுக்கத் தொண்டையைக் கவ்வுகிற புகை. வெந்ததும் அவசரப்பட்டு வெளியே எடுக்கக் கூடாது. அடுப்பை அணைத்துவிட்டு உள்ளேயே ஆற விட வேண்டும். ஆறியபின் ஈர உப்புத்தாள், அதன்மேல் சாயம், கடைசியில் பளபளக்காத வார்னிஷ்.

சௌந்தரராஜன் சார் ஸ்கூலில் டிராயிங் மாஸ்டராக இருந்து வெளியே வந்தவர். காலையில் நெற்றி நிறையத் திருமண் இட்டுக்கொண்டு வருவார். குரலை உயர்த்துகிற ஆளில்லை. அதுதான் தொல்லை. திட்டினால் திட்டோடு முடிந்துவிடும். இவரோ செய்து முடித்த முகத்தைக் கையில் வாங்கி, கண்ணாடிக்கு எதிரே பிடித்து, கண்ணாடியில்தான் பார்ப்பார். நேராகப் பார்த்தால் கண் பழகிப்போய் நம்மை ஏமாற்றிவிடும் என்பது அவர் கட்சி. பார்த்துவிட்டு, "பாய், இதுல ஒரு குறை இருக்கு. என்னன்னு நீங்களே சொல்லுங்கோ" என்று நீட்டுவார். நாம் சொல்லும்வரை பக்கத்திலேயே நிற்பார். காபி ஆறினாலும் நகரமாட்டார். தேறிவிட்டால், "ஷெல்ஃபுக்கு ஏளப்பண்ணுங்கோ" என்பார். நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்கிற திருஷ்டி பொம்மையைக்கூடப் பெருமாளை எழுந்தருளச் செய்வது மாதிரித்தான் எடுத்துப் போகச் சொல்வார்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது ஒன்றுதான். முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. "ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா அது பொம்மை, பாய். பகவான் யாருக்கும் அப்படிப் பண்ணலை. ஒரு புருவம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், ஒரு பக்க உதடு கொஞ்சம் ஏறியிருக்கும். அந்த வித்தியாசத்துலதான் ஆளே இருக்கான்." கைக்கு இந்த வித்தை படிந்தபின் என் முகங்களுக்கு ஒரு பேர் வந்தது. ஒரு முறை அது வம்பிலும் மாட்டிவிட்டது. வீடு கட்டுகிற கான்ட்ராக்டர் ஒருவர் திருஷ்டி முகங்கள் மொத்தமாகக் கேட்டிருந்தார். உதட்டை ஏற்றி இறக்கி நான் செய்ததில், மீசையும் கோரைப்பல்லும் சரியாக இருந்தும், எல்லாம் ஒரு மாதிரி சிரிப்பை அடக்கிக்கொண்டு இருப்பதுபோல் வந்துவிட்டன. அவர் மூட்டையோடு திருப்பிக் கொண்டுவந்தார். "என்ன பாய், திருஷ்டியை விரட்டச் சொன்னா வாங்க காபி சாப்பிடுங்கன்னு கூப்பிடுது?" பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பட்டறையில் நான் வாய்விட்டுச் சிரித்தது என்று நினைத்துப் பார்த்தால் அதுதான் ஞாபகம் வருகிறது.

நித்யா கேட்ட அந்தக் காணிக்கை முகத்துக்காகச் செல்வி வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு. மாமியாரோடு வந்தாள். மாமியார் பெயர் அஞ்சலை. ஜீயபுரத்தில் வாழை போட்டிருக்கிற குடும்பம். செல்விக்கு முப்பது வயதுகூட இருக்காது. சேலைத் தலைப்பை இழுத்து இடது கன்னத்தை மூடி, நுனியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். மாமியார்தான் பேசினார்.

"எங்க மருமவளுக்கு முகம் ஒரு பக்கம் விழுந்துடுச்சுங்க. காதுக்குக் கீழ கட்டி வந்துச்சு. ஆஸ்பத்திரியில அறுத்து எடுத்தாங்க. உசுருக்குப் பயமில்லைன்னாங்க. ஆனா நரம்பு கட்டிக்குள்ளாற ஓடியிருக்கு, அதையும் சேத்து எடுக்க வேண்டியதாப் போச்சுன்னுட்டாங்க. சமயபுரத்தாகிட்ட முகம் வைக்கறேன்னு வேண்டியிருக்கேன்."

சமயபுரத்தில் அது வழக்கம். கண் நோவு என்றால் கண், கால் நோவு என்றால் கால் என்று தகட்டில் செய்த உருவம் வாங்கி அம்மனுக்குக் காணிக்கை போடுவார்கள். "அதான் கோயில் வாசல்லயே தகடு விக்கிதேம்மா. முகமும் இருக்குமே" என்றேன்.

அப்போதுதான் செல்வி வாய் திறந்தாள். உதடு ஒரு பக்கம் அசையாததால் பேச்சு லேசாகக் குழறியது.

"அந்தத் தகட்டுல எல்லாம் ஒரே முகம் பாய். அது யாரு முகம்? என் முகம் எப்படி இருந்துச்சுன்னு ஆத்தாளுக்குத் தெரிஞ்சாத்தான அதைத் திருப்பிக் குடுப்பா?"

அவள் புருஷன் மாரிமுத்து ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். லீவில் வரப் போகிறான். ஆபரேஷன் நடந்தது அவனுக்குத் தெரியும். முகம் போனது தெரியாது. மாமியாரும் மருமகளும் சேர்ந்து மறைத்திருந்தார்கள். வீடியோவில் கூப்பிடும்போது வலது பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி ஜன்னல் ஓரம் உட்காருவாளாம். "நேரா பாரு புள்ளன்னு சொல்லுவாரு. நான் அடுப்புல பால் இருக்குன்னு எந்திரிச்சுடுவேன். அவரு வந்து எறங்கறதுக்குள்ள சரியாயிடணும் பாய்" என்றாள்.

நரம்பையே எடுத்துவிட்டார்கள் என்று மாமியார் சொன்னது என் காதில் விழுந்துதான் இருந்தது. அது திரும்பாது என்று எனக்குத் தெரியும். அஞ்சலைக்கும் தெரிந்திருக்கும். செல்விக்கும் தெரியாமல் இருந்திருக்குமா?

சார் என்னை உள்ளே கூப்பிட்டார். "பாய், நாம அலங்காரச் சாமான் பண்றவா. இவா பிரார்த்தனையைத் தூக்கிண்டு வந்திருக்கா. நாம பண்ற முகத்துக்குப் பின்னாடி என்ன இருக்கு? அலுமினியத் தாளும் ஒரு கொக்கியும். இதை இவாகிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். வெளியே எட்டிப் பார்த்தார். செல்வி ஸ்டூலில் உட்கார்ந்து, அலமாரியில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால் சொல்ல முடியவில்லை. "சரி, பண்ணுங்கோ. போட்டோவை மட்டும் நம்பாதீங்கோ. உக்கார வெச்சுப் பண்ணுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து வந்து உட்கார்ந்தாள். முதலில் வலது பக்கம் எடுத்தேன். வளைவான நெற்றி, அதில் ஒரு அம்மைத் தழும்பு, சின்ன மூக்கு, தாடையில் ஒரு பிடிவாதம். நல்ல முகம். ஆனால் இடது பக்கத்து எலும்பு தெரியாமல் கூடு கட்ட முடியாது. "தலைப்பை எடும்மா" என்று சொல்ல வேண்டி வந்தது. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள்.

கன்னம் மொத்தமாக இறங்கிக் கிடந்தது. வாயின் ஓரம் கீழே இழுத்து, அதில் எச்சில் நின்றது. இடது கண் மூடவே மூடாது. அவ்வப்போது விரலால் இமையை இழுத்து மூடி, மருந்துச் சொட்டு விட்டுக்கொள்வாள். தூங்கும்போது கண்ணின் மேல் பிளாஸ்திரி ஒட்ட வேண்டுமாம். எனக்கும் அந்த வயதில் மகள் இருக்கிறாள். அவளுடைய முகம் இப்படி ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தபோது கை நின்றுவிட்டது. "என்ன பாய், ரொம்ப மோசமா இருக்கா?" என்று கேட்டாள். "வெளிச்சம் பத்தலை" என்று சொல்லிவிட்டு விளக்கைத் திருப்பி வைத்தேன்.

சுவரில் மாட்டும் முகங்களுக்குக் கண் இருக்காது, ஓட்டை விட்டுவிடுவோம். இதற்குக் கண் வேண்டும் என்று செல்வி கேட்டாள். ஆத்தாளைப் பார்க்க வேண்டுமே. அதனால் கண்விழிகளை உருட்டி முதலில் தனியாகச் சுட்டு, கூட்டில் பதித்து, அதன்மேல் இமைகளை மெல்லிசாக மூடிக்கொண்டு வந்தேன். இடது பக்கத்தை வலது பக்கத்தின் மறுபிரதியாகச் செய்து சாரிடம் காட்டினேன். கண்ணாடியில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணா வந்துடுத்து பாய். இது கோயில் வாசல் தகடு" என்று திருப்பித் தந்தார். அதன்பின் அவளுடைய கல்யாண போட்டோக்களை வாங்கி வைத்துக்கொண்டு இடது பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்ப வெட்டி வைத்தேன். அவற்றில், சிரிக்கலாமா என்று யோசிக்கும்போது அவளுக்கு இடது வாய் ஓரம் முந்திக்கொள்ளும். இடது புருவம் நூலளவு தாழ்ந்திருக்கும். அது இரண்டும் வந்து விழுந்த நேரத்தில், எதிரே உட்கார்ந்திருந்த செல்வி, "அது நான்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். என் இத்தனை வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

சுட்டு, ஆற்றி, தேய்த்து, நிறம் விட்டேன். மாநிறத்தின் மேல் லேசாகச் சிவப்பு, கண்ணுக்குக் கீழே நீலம் கலந்த ஒரு நிழல். மூக்குத்திக்கு ஒரு சின்னக் கல். சார் கண்ணாடி முன்னால் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். குறை என்னவென்று என்னைக் கேட்கவில்லை. ஏளப்பண்ணுங்கோ என்றும் சொல்லவில்லை. என் கையில் கொடுத்துவிட்டு மேல்துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே போனார்.

செல்வி வந்து வாங்கினாள். அதன் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "பாய், ஒரு போட்டோ எடுத்துக்கிறேன், ஞாபகத்துக்கு" என்றாள். ஜன்னலுக்குப் பக்கத்தில் கொக்கியில் மாட்டச் சொன்னாள். பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து அதன் தலையைச் சுற்றி முக்காடு போல விட்டாள். நல்ல வெளிச்சம் விழட்டும் என்று நானே ஜன்னல் கதவைத் திறந்துவிட்டேன். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தாள். எதற்கு எடுக்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமையே மாமியாரும் மருமகளும் சமயபுரம் போய், முகத்தைத் தலையில் வைத்துக் கோயிலைச் சுற்றி வந்து காணிக்கை வைத்துவிட்டார்கள். பிறகு சில வாரம் ஒரு தகவலும் இல்லை. ஒரு நாள் அஞ்சலை மட்டும் தனியாக வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"சரியாகலைங்க. ஒரு நூல்கூட அசையலை. எனக்கு இப்பத்தான் உறைக்குது பாய். கண்ணு நோவுன்னா நோவுற கண்ணைத்தான குடுப்பாங்க? நோவைக் குடுத்துட்டு நல்லதை வாங்கிட்டு வரணும். நாங்க நல்ல முகத்தைக் கொண்டுபோய் அவகிட்ட குடுத்துட்டோம். அவ எடுத்துக்கிட்டா. கோணினது எங்ககிட்டயே தங்கிடுச்சு." சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அதைத் திரும்ப வாங்கி வரலாம் என்று கோயிலுக்கும் போயிருக்கிறார். மலைபோல் வந்து குவிகிற இடத்தில் அதை யார் தேடித் தருவார்கள்? "அப்படியெல்லாம் இல்லம்மா, அது வெறும் பொம்மை" என்று சமாதானம் சொல்லப் பார்த்தேன். நான் செய்ததை நானே பொம்மை என்று சொன்னது என் வாய்க்கே நன்றாக இல்லை.

அதற்கப்புறம் மாரிமுத்து வந்தான். அவன் யார் என்று எனக்குத் தெரியாது. நல்ல உயரம், வெயிலில் காய்ந்த உடம்பு, புதுச் சட்டை. வாசலில் நின்றபடியே போனை நீட்டினான். அதில் ஜன்னல் வெளிச்சத்தில் முக்காடு போட்டுக்கொண்டு செல்வி பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கலாமா என்று யோசிக்கிற முகம்.

"இதைச் செஞ்சது நீங்களா?" என்றான்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அவனும் கத்த வரவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நேரா ஒரு போட்டோ அனுப்பு அனுப்புன்னு நான்தான் உசிரை வாங்கினேன் பாய். இதை அனுப்பிச்சுச்சு. எல்லாம் சரியாயிடுச்சுன்னு வாய்ஸ்ல சொல்லுச்சு. நான் ரூமுக்கே பிரியாணி வாங்கிக் குடுத்தேன். என் பொண்டாட்டி பொழச்சு வந்துட்டான்னு எல்லாருக்கும் காமிச்சேன்." போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். "ஏர்போர்ட்டுக்கு வந்திருந்துச்சு. வெளிய வர்ற கதவுக்கு நேரா நின்னுருக்கு. நான் தாண்டிப் போயிட்டேன் பாய். அது 'ஏங்க'ன்னு கூப்பிட்டுருக்கு. அங்க எல்லாப் பொம்பளையும் ஏங்க ஏங்கன்னுதான் கூப்பிடுது. நான் இந்த முகத்தைத் தேடிக்கிட்டே வெளிய ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டேன். வீட்டுக்குப் போனப்புறம்தான் இது இங்க செஞ்ச முகம்னு அதுவே சொல்லிச்சு."

அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இவனைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது. அம்மா சொல்லிக்கொண்டிருந்தது மறுமையைப் பற்றி என்று நினைத்திருந்தேன். இங்கேயே ஒருவன் வந்து எதிரே உட்கார்ந்து கேட்கிறான்.

கடைசியில் தலையை நிமிர்த்தி, "இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு குடுங்க பாய்" என்றான்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏம்ப்பா, மனுஷியை வீட்டுல வச்சுக்கிட்டு க்ளேயைக் கேக்கறியே, உனக்கே நல்லாருக்கா? அவ எங்க போயிட்டா? அங்கதான இருக்கா?" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

அவன் அழுதான். "தெரியுது பாய். அது அதேதான். அதே கை, அதே சமையல், அதே குரல்தான். நானும் பாக்கத்தான் பாக்கறேன். பாத்தா உடனே கண்ணு கீழ போயிடுது. அதுக்கும் தெரியுது. அங்க போயி தனியாக் கெடக்கும்போது நெனச்சுக்க ஒரு முகம் வேணும்ல? இந்த போன்ல இருக்கறதையாவது கையில வச்சுக்கிறேன்."

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாரிடம் சொன்னபோது, "பண்ணாதீங்கோ பாய். பண்ணாதீங்கோ" என்றார். அவர் குரல் உயர்ந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மறுநாள் செல்வி வந்தாள். தலைப்பை இழுத்து மூடவில்லை. வந்தவள் தானாகவே ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாள்.

"செஞ்சு குடுத்துடுங்க பாய்."

"நீயுமாம்மா?"

"அவரு கெட்டவரு இல்லை பாய். தட்டுல சோறு போட்டா நல்லாருக்குங்கறாரு, தட்டைப் பாத்துக்கிட்டே. லீவு முடியறவரைக்கும் அப்படியே இருந்துட்டுப் போயிடுவாரு. அப்புறம் ஊருக்கே வரமாட்டாரு. அது இருந்தா, அதைப் பாக்கற பழக்கத்துலயாவது எனக்கு போன் பண்ணுவாருல்ல?"

சார் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வெளியே வரவில்லை. செய்யாதே என்று இன்னொரு முறை சொல்லவும் இல்லை. நான் க்ளே பாக்கெட்டைப் பிரித்தேன். வேறு என்ன செய்வது? அவளை எழுப்பி வெளியே அனுப்பவா?

முதல் முகம் செய்தபோது கண் வேண்டும் என்பதைத் தவிர அவள் எதுவும் கேட்கவில்லை. இந்த முறை ஓயாமல் திருத்தம் சொன்னாள். "மூக்கை இன்னும் கொஞ்சம் எடுப்பா வைங்க பாய்." "நெத்தியில அம்மைத் தழும்பு வேணாம்." "கன்னம் கொஞ்சம் பூசினாப்புல இருந்தா அவருக்குப் புடிக்கும்." சொன்னதையெல்லாம் செய்தேன். வேகமாகவும் வந்தது. சார் இதைக் கண்ணாடியில் பிடித்துப் பார்க்கவில்லை, நானும் கொண்டுபோய்க் காட்டவில்லை. இவ்வளவு அழகான முகத்தை அதற்கு முன்பு நான் செய்ததில்லை. அது செல்வியுமில்லை. அவளுக்கும் அது தெரிந்தது. "நல்லாருக்கு" என்றாள்.

வாங்கிப் போக இருவரும் வந்தார்கள். அட்டைப்பெட்டியில் பழைய துணியைப் பரப்பி, அதில் முகத்தை வைத்துக் கொடுத்தேன். மாரிமுத்து மூடியைத் திறந்து பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். கண்ணை எடுக்கவே இல்லை. இரண்டு அடி தள்ளி செல்வி நின்றுகொண்டு அவன் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிஷம் என் கையை யாராவது வெட்டிப் போட்டால் தேவலை என்று இருந்தது.

பெட்டியைத் தன் பைக்கின் பின்சீட்டில் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினான். ஒரு பக்கம் சாய்ந்தது. அவிழ்த்து, செல்வியிடம் அவள் கொண்டுவந்த துண்டை வாங்கி முட்டுக் கொடுத்து, மறுபடி கட்டினான். அப்புறம்தான் அவளுக்கு உட்கார இடம் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

"ரோடு சரியில்லை. மடியில வச்சா ஆடும், உடைஞ்சுடும். நீ சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி பஸ் புடிச்சு வந்துடேன்" என்றான்.

"சரிங்க" என்றாள் செல்வி.

அவன் கிளம்பிவிட்டான். என்னால் அவளைத் தனியாக விட முடியவில்லை. நானும் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லி அவளோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். கூட்டத்தில் ஒரு குழந்தை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாயின் தோளில் புதைந்துகொண்டது. அவள் வெளியே காவிரியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஜீயபுரம் போகும் பஸ்ஸுக்காக நின்றோம். என் ஆற்றாமை அடங்கவில்லை.

"நீ ஏம்மா சரிங்கன்னு சொன்ன? பெட்டியை மடியில வச்சுக்கிட்டு நான் உக்காருவேன்னு சொல்லியிருக்கலாம்ல? உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகுது."

செல்வி விரலால் இடது இமையை இழுத்து மூடி, கொஞ்சம் பிடித்திருந்து விட்டாள்.

"உடைஞ்சுதுன்னா மறுபடி நான்தான வந்து உக்காரணும், பாய்" என்றாள்.